கப்பல் கரண்டில் பதிந்த குரல்

என் உயிர் மச்சான் ஜோசப்புக்கு,

நம் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். முந்தாநாள் சாயங்காலம்தான் தெரிந்தது. தெரிந்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டு மில்லர்புரத்திலிருந்து பைக்கை எடுத்தவன், திரேஸ்புரத்தில் உன் தெருமுனைக்கு வந்த பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த உன் பக்கத்து வீட்டுக்காரர், "என்ன அண்ணாச்சி, இங்கன வந்து நிக்கிய?" என்று கேட்டார். மீன் வாங்க வந்தேன் என்றேன். பிறகு பொய் சொன்ன பாவத்துக்கு ஒரு கிலோ சாளை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நம் சண்டை என்னவென்று தெரியாது. சொல்லிவிடுகிறேன், நீ கொஞ்சம் பொறு.

காலேஜில் படிக்கும்போது நம் இருவருக்கும் பிடித்த பைத்தியம் ஒரு வெள்ளைக்கார ராக் பேண்ட். அதன் பெயரைக்கூட நாம் சொல்வதில்லை, 'நம்ம பயலுவ' என்றுதான் சொல்வோம். முதலில் பாடியவனுக்குக் கனத்த குரல். அவனுக்கு நீ பெரியவன் என்று பெயர் வைத்தாய். அவன் செத்துப்போனான். அவன் இடத்துக்கு மெல்லிய, உச்சத்தில் ஏறுகிற குரலோடு இன்னொருவன் வந்தான். அவனை நீ 'வாடகைக்கு வந்தவன்' என்றே கடைசிவரை சொன்னாய். நான் இரண்டாமவன் கட்சி. சனிக்கிழமை சாயங்காலம் உன் வீட்டு மாடியில் ஏதாவது ஒரு மேடைக் கச்சேரியைப் போட்டுக் கேட்போம். ஒரு பக்கம் ஓடி முடிகிறவரை பேச்சு கிடையாது. கேசட்டைத் திருப்பும்போது ஆரம்பிக்கிற சண்டை, உன் வீட்டுக்காரி மேரி தங்கச்சி வந்து "காப்பி ஆறுது, ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்று சொன்னால்தான் நிற்கும்.

உன் கையில் ஒரு கேசட் இருந்தது. கப்பலில் சமையல் வேலை பார்த்த உன் அத்தான், நீ நச்சரித்ததற்காக, ஏதோ ஒரு துறைமுகத்தில் ரேடியோவில் போன கச்சேரியைக் கப்பலில் இருந்த ரெக்கார்டரில் பதிந்து கொண்டுவந்தது. தேதி கிடையாது, ஊர் கிடையாது. அது பெரியவனின் கடைசிக் கச்சேரி என்று நீ முடிவு கட்டிவிட்டாய். நடுவில் ஒரு பாட்டில் அவன் இருமுவான், கூட்டம் சிரிக்கும். "கேட்டியாலே, நோவோட பாடுதான். சாவு பக்கத்துல நிக்கி, அப்பவும் பாட்ட விடல" என்பாய். பாட்டு இழுவையாக இருக்கிறதே என்று நான் சொன்னால், "பெரியவன் அவசரப்பட மாட்டாம்லே" என்று என் வாயை அடைத்துவிடுவாய். அந்தக் கேசட்டுக்கு எதிராக என்னிடம் ஒன்றுமே இல்லை. இரண்டாமவன் அப்படி ஒரு கச்சேரி பாடியதில்லை என்று நானே மனசுக்குள் ஒத்துக்கொண்டிருந்தேன்.

மேரி போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு நமக்குள் அது வெறும் பாட்டுச் சண்டையாக இல்லை. உன் மகள் ஷீலா சென்னைக்குக் கூப்பிட்டாள், நீ போகவில்லை. துறைமுகத்தில் உன்னோடு கிரேன் ஓட்டியவர்கள் கோயில் கமிட்டிக்குக் கூப்பிட்டார்கள், அதற்கும் போகவில்லை. பிரஷர் மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடந்தது. ஏன்லே இப்படி இருக்க என்று கேட்டேன். "பெரியவன் செத்த அன்னைக்கே அவனுவ கடையப் பூட்டியிருக்கணும் மாப்ள. அதுக்கப்புறம் பாடுனது பூராம் பிணம் பாடுனது. நானும் பூட்டியாச்சு" என்றாய். அந்தக் கேசட்டைப் போட்டாய்.

பூட்டியும் விட்டாய். அடக்கம் முடிந்த பிறகு ஷீலா கேசட்டையெல்லாம் ஒரு பையில் போட்டு, "மாமா, இது ஒங்களுக்குத்தான்" என்று கொடுத்தாள்.

இப்போது நடந்ததைக் கேள். நம்ம பயலுவ பழைய ரேடியோ கச்சேரிகளை எல்லாம் துடைத்துச் சுத்தம் பண்ணி வெளியிட்டிருக்கிறார்கள். கடையில் உட்கார்ந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாமவன் வந்து பல வருடங்கள் கழித்து நடந்த கச்சேரி. நடுவில் இருமினான். கூட்டம் சிரித்தது. அதே இடம், அதே சிரிப்பு. என் மகளைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் வேகத்தைக் குறைத்துப் போடச் சொன்னேன். குறையக் குறைய அந்த மெல்லிய குரல் தடித்துக்கொண்டே வந்து, கடைசியில் உன் பெரியவன் ஆகிவிட்டது.

மோட்டார் விற்கிறவன் நான், எனக்கு எப்போதோ தோன்றியிருக்க வேண்டாமா? கப்பல் கரண்டின் துடிப்பு கரையில் வருகிற கரண்டைவிட வேகம். அந்தக் காலத்து ரெக்கார்டர் சிலது கரண்டின் வேகத்துக்குத்தான் ஓடும். கடலில் வேகமாக ஓடிப் பதிந்த நாடா, உன் வீட்டில் கரைக் கரண்டில் மெதுவாக ஓடியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். நீ கும்பிட்ட குரல் வாடகைக்கு வந்தவனுடையது. அது சாவு இருமலும் இல்லை. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது, அதற்குத்தான் கூட்டம் சிரித்திருக்கிறது.

மேரி செத்த அந்த வாரமே இது தெரிந்திருந்தால்? "பெரியவன் செத்த பிறகு இன்னொருத்தன் பாடினதுதாம்லே நீ இத்தனை வருஷம் கேட்டு அழுத பாட்டு" என்று உன் மூஞ்சிக்கு நேரே சொல்லியிருப்பேனே. நீ என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பாய். திட்டிவிட்டு ஒரு மாத்திரையாவது போட்டிருப்பாயா? போட்டிருக்க மாட்டாயோ என்னவோ. கேட்டுப் பார்க்க வழியில்லாமல் பண்ணிவிட்டாயே. இப்போது தெரிந்து என்ன புண்ணியம்? இந்த வெற்றியை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்?

விஷயத்தை ரசிகர்களின் வாட்ஸப் குழுவில் எழுதினேன். அத்தனை பேரும் ஆச்சரியப்பட்டார்கள். ஓட்டப்பிடாரத்திலிருந்து ஒருவர் போன் பண்ணினார். ரிட்டையர் ஆனவர், அவரும் இரண்டாமவன் கட்சி. "அண்ணாச்சி, நானும் தனியாத்தான் கெடக்கேன். சனிக்கிழமை சனிக்கிழமை வரட்டுமா, சேந்து கேப்போம்" என்றார். தங்கமான மனுஷன் என்று பேச்சிலேயே தெரிந்தது. இத்தனை வருஷம் உன்னிடம் நான் வாதாடியதெல்லாம் இதற்குத்தானே? போனவன் இடத்துக்கு இன்னொருத்தன் வரலாம், வந்தால் பாட்டு தொடரும் என்றுதானே தொண்டை கிழியக் கத்தினேன்?

வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டேன்.

ஜெயித்த கையோடு உன் கட்சிக்கு மாறிவிட்டேன் மச்சான். நீ சொன்னது பாட்டுக்குத் தப்பு. மனுஷனுக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

உன் கேசட்டை என் மகள் கேட்டாள். "சரியான வேகத்துல மாத்தித் தாரேன்ப்பா, நல்லா இருக்கும்" என்றாள். கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. ஊருக்கெல்லாம் உண்மை தெரிந்துவிட்டது, தெரியட்டும். நான் இருக்கிறவரை என் வீட்டில் அதைப் பாடுவது பெரியவன்தான்.

இப்படிக்கு,
உன்னிடம் தோற்றுப்போன உன் மாப்பிள்ளை,
செல்வராஜ்