மதினியின் நாக்குக்கு ஒரு சாஸ்

என் சண்டைக்கார மதினிக்கு,

நலமா என்று உங்களிடம் எப்படிக் கேட்பது? கேட்டால், "செத்தவகிட்டப் போயி கேக்குற கேள்வியாடி இது?" என்று அங்கிருந்தே கையை ஓங்குவீர்கள். அதனால் எங்கள் பாட்டை மட்டும் சொல்கிறேன். வீட்டுச் சேதியை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறாளே என்று கோபப்படாதீர்கள். உங்களிடம் சொல்லாத வரைக்கும் எனக்கு எந்தச் சேதியும் செரிப்பதில்லை.

சேதி அண்ணனைப் பற்றியது. நீங்கள் இருக்கும்போதே அவருக்கு சுகர் இருந்தது. மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, அவர் முழுங்கும் வரை எதிரிலேயே நிற்பீர்கள். காலையில் நல்லபடியாக வாசல் தெளித்த நீங்கள் மத்தியானத்துக்குள் மூளையில் ரத்தம் கசிந்து போய்ச் சேர்ந்த பிறகு, அப்படி எதிரில் நிற்க ஆளில்லை. உங்கள் மகள் கயலுக்கோ கோயம்புத்தூரில் வேலை. "அத்தை, அப்பா சாப்பிட்டாரா?" என்று தினமும் போனில் கேட்கிறாள். நான் என்னவென்று சொல்வேன்?

திருப்பரங்குன்றத்தில் ரெண்டு தெரு தாண்டித்தானே இருக்கிறேன். தூக்குவாளியில் சோறும் குழம்பும் கொண்டுபோய் வைப்பேன். மறுநாள் போனால் வைத்தது வைத்தபடி இருக்கும். கப்பலூர் கம்பெனியில் வேலை முடிந்ததும், ரோட்டோரம் இருக்கும் பார்பிக்யூ கடையில் வயிற்றை நிரப்பிக்கொண்டு வருகிறார். நீங்கள் ரெண்டு பேரும் சனிக்கிழமை தவறாமல் வண்டியில் போவீர்களே, அதே கடைதான். இப்போது சனிக்கிழமை மட்டுமில்லை, எல்லாக் கிழமையும்.

அதோடு விட்டிருந்தால் நான் இப்படிக் கிடந்து அடித்துக்கொள்ள மாட்டேன். கம்பெனியில் மரப்பெட்டி ஆணி ஒன்று கால் பெருவிரலில் குத்திவிட்டது. யாரிடமும் சொல்லாமல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். நான் பார்க்கும்போது விரல் கறுத்துப் போயிருந்தது. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, சுகர் இறங்கினால் விரலைக் காப்பாற்றலாம், இறங்காவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அண்ணன் ஏதோ பஸ் நேரம் கேட்டவர் போல் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

நேரே அந்தக் கடைக்குப் போனேன். "தம்பி, அந்தக் கருஞ்சிவப்புச் சாறு ஊத்துறியே, அதுல என்னதான் போடுறே?" என்று கேட்டேன். பையன் பொய் சொல்லவில்லை. "தக்காளி சாஸு, சோயா சாஸு, வினிகரு, மிளகாத்தூளு, அம்புட்டுத்தான் அக்கா. மத்தபடி சீனிதான். சீனி இல்லைன்னா இம்புட்டு பளபளப்பு வராதுல்ல," என்றான். கோழி பாவம், அது சும்மா தணலில் வெந்துகொண்டு கிடக்கிறது. ஆளைக் கொல்வது மேலே ஊற்றும் சாறுதான்.

கடைக்குப் போகாதே என்றால் அண்ணன் கேட்பாரா? அதனால் அந்தச் சாஸை வீட்டிலேயே, உடம்புக்கு ஆகாததை எல்லாம் எடுத்துவிட்டுச் செய்வது என்று முடிவு செய்தேன். கயல் போனில் நாலைந்து வீடியோ அனுப்பினாள். அதில் சொல்லும் பாதிச் சாமான் நம் மளிகைக் கடையில் கிடையாது. நான் என் வழிக்குப் போனேன். நாட்டுத் தக்காளியை வேகவைத்துத் தோலை உரித்தேன். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இரும்புச் சட்டியில் போட்டுக் கருகக் கருக வதக்கி, மிளகாயோடு அரைத்தேன். சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டேன். கருப்பட்டி மருந்து மாதிரிதானே, மருந்தைக் கொஞ்சம் கூடப் போட்டால் என்ன என்று ஒரு முழு வட்டையே போட்டுவிட்டேன்.

புகை வாசனைக்காக இஸ்திரி வண்டிக்காரரிடம் கரி வாங்கினேன். ஒரு துண்டைக் கனிய வைத்து, கிண்ணத்தில் போட்டுச் சட்டிக்குள் இறக்கி, ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு மூடினேன். வீடே புகை மண்டிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா சன்னல் வழியாக, "என்னத்தா, அடுப்புல எதையாச்சும் வச்சுப்புட்டு தூங்கிட்டியா?" என்று அலறினார். நீங்கள் இருந்திருந்தால் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

அண்ணன் நக்கிப் பார்த்தார். "பரவாயில்லையே! கடையில குடுக்குறத விட இது சோக்கா இருக்குத்தா," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இட்லிக்கு அதுதான், தோசைக்கு அதுதான், தயிர்ச்சோற்றுக்கும் அதைத்தான் தொட்டுக்கொண்டார். நானும் பாட்டில் பாட்டிலாகச் செய்து கொடுத்தேன். அடுத்த தடவை ரத்தம் பார்த்தால் சுகர் ஏறிக் கிடக்கிறது! கட்டுப் போடும் சிஸ்டர் விசாரித்தபோது பெருமையாகக் கருப்பட்டிக் கதையைச் சொன்னேன். அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டார். "சீனி அண்ணன்னா கருப்பட்டி தம்பிம்மா. வீட்டுக்குள்ள வந்துட்டா ரெண்டும் ஒரே வேலையைத்தான் பாக்கும். நல்லா வைத்தியம் பண்ணுனீங்க போங்க!" என்றார். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

கருப்பட்டியை நிறுத்தினேன். பேரீச்சம்பழம் போடலாமா என்று கேட்டதற்கும் அந்த சிஸ்டர் முறைத்தார். இனிப்பே போடாமல் செய்து கொடுத்தேன். "நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு பாட்டிலை ஓரமாக வைத்தார். மறுபடியும் சட்டையில் கடைப் புகை வாசம். என் பிள்ளைகளுக்குக்கூட நான் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. ஏன் மதினி, உங்கள் புருசனுக்கு அப்படி என்னதான் வைத்திருக்கிறது அந்தக் கடையில்?

அதையும் ஒருநாள் பார்த்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் கட்டு மாற்றப் போக வேண்டும். போன் அடித்தால் எடுக்கவில்லை. வந்த ஆத்திரத்தில் ஆட்டோ பிடித்துக் கப்பலூருக்குப் போனேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தே அண்ணன் தெரிந்தார். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு காலி ஸ்டூல். மேசையில் ரெண்டு தட்டு. தன் தட்டை முடித்தார், வாயைத் துடைத்தார். பிறகு எதிர்த்த தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

கடைக்காரத் தம்பி என்னைப் பார்த்து ஓடி வந்தான். "அவங்க தவறுனதுலருந்து இப்படித்தாங்கா. ரெண்டு பிளேட்டு சொல்லுவாரு. ஒன்னே போதும்ணேன்னு சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்குறாரு," என்றான். மதினி, நான் அங்கேயே நின்று அழுதேன். பஸ்ஸும் லாரியுமாகப் போகிற ரோட்டில் யார் பார்த்தால் என்ன?

போய் அந்தக் காலி ஸ்டூலில் உட்கார்ந்தேன். அண்ணன் தலை தூக்கவில்லை.

"எதுக்குண்ணே ரெண்டு?"

"அவ பங்கை வேணாம்னு எப்பிடித்தா சொல்றது?" என்றார். "நான் ஒன்னு சொல்லி நான் ஒன்னு தின்னா, அவ இல்லைன்னு ஆயிருதுல்ல?"

அவர் கையிலிருந்து தட்டை வாங்கி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன். பாகு மாதிரித் தித்தித்தது. "மதினிக்கு இதா புடிக்கும்?" என்று கேட்டேன்.

அண்ணன் அன்றைக்குத்தான் சிரித்தார். "அவளுக்கா? அவளுக்கு இந்த இனிப்பு ஆகவே ஆகாது. சாஸ் பூராத்தையும் வழிச்சு என் தட்டுல போட்டுட்டு வெறுங்கோழியத் தின்பா. நான் ஆசைப்படுறேன்னு வந்து உக்காந்திருப்பா, அம்புட்டுத்தான்."

ஆட்டோவில் திரும்பும்போது எனக்குள் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. நான் இத்தனை நாளும் அண்ணன் நாக்குக்குச் சமைத்து அந்தக் கடையோடு போட்டி போட்டிருக்கிறேன். இனிப்பில் அந்தக் கடைக்காரனை ஜெயிக்க முடியுமா? அண்ணனுக்குக் கடைச் சாஸா முக்கியம்? எதிரில் நீங்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படியானால் உங்கள் நாக்குக்கல்லவா செய்திருக்க வேண்டும்!

உங்கள் நாக்கைப் பற்றி எனக்குத் தெரியாதா? சர்க்கரைப் பொங்கலை விரலால் தொட்டு, "சாமிக்குப் போதும், எனக்கு எதுக்கு?" என்று நகர்ந்துவிடுவீர்கள். ஆனால் புளி என்றால் உயிர். "மதினி குழம்பு வச்சா புளிப்புல சட்டியே பல்லை இளிச்சிரும்" என்று நான் சொன்னதற்காக ஒரு பொங்கலிலிருந்து சித்திரைத் திருவிழா வரைக்கும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லையே, மறந்துவிட்டீர்களா?

பழைய புளியாகப் பார்த்துக் கெட்டியாகக் கரைத்தேன். தக்காளியைப் பாதியாகக் குறைத்தேன். பூண்டை நெருப்பில் சுட்டு, மிளகையும் கடுகையும் வறுத்துப் பொடித்துச் சேர்த்தேன். சின்ன வெங்காயத்தை அவசரப்படாமல் வதக்கினால் அதுவே தேவையான மட்டுக்கு இனிப்பைக் கொடுக்கிறது, வேறெதுவும் வேண்டியதில்லை. உப்பையும் பாதியாக்கினேன், புளிப்பு தூக்கலாக இருக்கும்போது நாக்குக்கு அது தெரிவதில்லை. கடைசியில் கரித்துண்டுப் புகை. இந்தத் தடவை சன்னலை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் வீட்டு அடுப்பிலேயே கோழியைத் தோல் நீக்கி, தயிரில் ஊறப்போட்டு, இரும்புச் சட்டியில் சுட்டு எடுத்து, மேலே சாஸைத் தடவினேன். அண்ணன் வேலை விட்டு நேரே வந்திருந்தார். வருவாரா மாட்டாரா என்று அதுவரை நான் வாசலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கேட்காமலே ரெண்டு தட்டை எடுத்து வைத்தார். ரெண்டிலும் பரிமாறினேன்.

ஒரு வாய் வைத்ததும் கண்ணைச் சுருக்கினார். "யாத்தே, என்னா புளிப்பு! சுர்ருனு ஏறுது." மெதுவாக மென்றார். "செல்வி, இதை அவ வழிச்சுப் போட்டுருக்க மாட்டா," என்றார்.

தன் தட்டை முடித்துவிட்டு எதிர்த்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் தன் பக்கம் இழுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். இழுக்கவில்லை. என் பக்கம் தள்ளினார். "இந்தா, அவ பங்கு. ஆறிப் போறதுக்குள்ள தின்னு," என்றார். அடுப்படிக்குள் ஓடிப்போய் அழுதுவிட்டு வந்துதான் சாப்பிட்டேன் மதினி.

அதிலிருந்து சாயங்காலம் வீட்டுச் சாப்பாடுதான். வழியில் ஒருநாள் ரெண்டு நாள் கடைப்பக்கம் வண்டியை நிறுத்தியதாகவும் கேள்வி, மனுசன்தானே. போன வாரம் பார்த்ததில் சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. புண்ணின் ஓரத்தில் சிவப்பாகச் சதை வளர்வதாக சிஸ்டர் சொன்னார். டாக்டரம்மா விரலைப் பற்றி இன்னும் முடிவாகச் சொல்லவில்லை, அடுத்த மாதம் சொல்கிறேன் என்றார். திருப்பரங்குன்றத்து முருகனிடம் நான் மல்லுக்கு நிற்காத நாளில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். விரல் பிழைக்குமா என்று எனக்குத் தெரியாது. பிழைத்தாலும் சரி, எடுத்தாலும் சரி, உங்கள் பங்கு இனி அண்ணன் வயிற்றுக்குள் போகாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் ரெண்டு தட்டு எடுத்து வைக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எதிரில் உட்கார்ந்து ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் நான் தின்றுவிடுகிறேன்.

உங்கள் பங்கைச் சாப்பிடும்,
நாத்தனார் செல்வி