நாளை திருப்பித் தரவேண்டிய நாவல்

என்னங்க,

அர்த்தராத்திரியில் எழுதுவதற்குக் கோபிக்காதீர்கள். உங்கள் கப்பலில் இப்போது பகலாக இருக்கலாம்.

வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லாவிட்டால் குழந்தைக்கு எப்படிப் பேச்சு வரும் என்று, தடுப்பூசி போட்ட நர்ஸம்மா கடிந்துகொண்டார். "பேசுறதுக்கு என்ன காசா பணமா? வாயைத் திறம்மா!"

எனக்குப் பேச என்ன இருக்கிறது? இந்த மாதம் முழுக்க நூலக நாவல்களைப் பாப்பாவுக்குச் சத்தமாகப் படித்தேன். கதாநாயகன் பேசுவதை மட்டும் உங்களைப் போல அடித்தொண்டையில் படிப்பேன். ஒரு கதையில் ஒருவன் மனைவியை விட்டுப் போனான். அந்தப் பக்கங்களைப் படிக்காமல் தள்ளிவிட்டேன்.

இன்று, "அப்பா எங்கடி தங்கம்?" என்றேன். தவழ்ந்து போய், இப்போது படிக்கும் நாவலைத் தட்டினாள். விழுந்து விழுந்து சிரித்தேன்.

அதை நாளை திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்து உங்கள் கடிதத்தைத்தான் அவளுக்குப் படித்துக்காட்ட வேண்டும். நாலு வரியானாலும் சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் பாப்பாவின் அம்மா