எதிர்வீட்டுச் சம்பந்தியம்மா

அத்தை,

இன்று காலை பக்கத்து வீட்டில் பூண்டை நல்லெண்ணெயில் வதக்கினார்கள். கூடவே சுக்கும் மிளகும் இடிபடுகிற சத்தம். பிள்ளை பெற்றவளுக்கு மருந்து கிளறுகிறார்கள் என்று புரிந்ததும் எனக்குக் கைவேலை ஓடவில்லை. நீங்கள் போய் இத்தனை வருடம் ஆன பிறகும் அந்த வாசனைக்கு எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான்.

வராமல் என்ன செய்யும்? நான் திண்டுக்கல்லுக்கு வாழ வந்த நாளிலிருந்து நம் வீட்டுப் பின்கட்டு அறை காலியாக இருந்து பார்த்ததில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் ஆக வேண்டும் என்பது ஊர் வழக்கம். தாய் இல்லாத பெண் எங்கே போவாள்? உங்களிடம் வந்துவிடுவாள். சொந்தமா, முறையா, முன்னே பின்னே பார்த்தவளா என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டீர்கள். சின்னாளப்பட்டித் தறிக்காரர் மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், அந்தப் பாயின் சூடு ஆறுவதற்குள் வேறொருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருவாள். "தாயில்லாப் புள்ளத்தா, வெந்நி போடு" என்று எனக்கு ஒரு குரல் கொடுப்பீர்கள். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தை இடுப்பில் வைத்துத் தெருக்கோடிக்கு நடக்கிற ஊரில், வெந்நீர் போட்டது நான். மருந்து இடித்தது நான். பழந்துணி அலசியது நான். மகராசி என்று பேர் வாங்கியது நீங்கள்.

அந்தப் பெண்களுக்கெல்லாம் நீங்கள் தலை வாரிவிடுவீர்கள். ஒருவாய்ச் சோற்றை உருட்டிக் கையில் வைத்து, "இம்புட்டூண்டு தின்னா எப்புடி? புள்ளைக்கு வேணாமா?" என்று அதட்டுவீர்கள். அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். என் அம்மாவும்தான் போய்ச் சேர்ந்திருந்தாள், என் கல்யாணத்துக்கு முன்பே. ஆனால் நான் மருமகளாக வந்தவள். ஊருக்கெல்லாம் தாயாக இருந்த நீங்கள் எனக்கு மட்டும் மாமியார்.

எனக்கு நாள் தள்ளிப் போனபோது உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பானகம் கரைத்துக் கொடுத்தீர்கள். பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது: தலைப்பிரசவம் எங்கே?

ஒட்டன்சத்திரத்திலிருந்து என் அண்ணன் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சியக் கூட்டீட்டுப் போகோணும்னுதானுங்க வந்தேன். ஊட்டுல அவளும் முழுகாம இருக்கறா. ஒருத்திய ஒருத்தி பாத்துக்க முடியாதுங்க."

அவரைக் குறை சொல்ல வழியில்லை. அவர் போன பிறகு நான்தான் கேட்டேன்.

"ஏனுங்க அத்தை, எத்தனையோ பேருக்கு இங்க ஆயிருக்குது. எனக்கும் இங்கயே ஆகட்டுமுங்க."

"அதெப்புடித்தா? அவளுகளுக்கு இது தாய் வீடு. உனக்குப் புருசன் வீடுல்ல? இங்க பெத்தா, நாதியத்தவன்னு ஊரு உன்னத்தான் பேசும்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நானும் தாயில்லாப் பிள்ளைதானே என்று கேட்க வாய் வரவில்லை. பின்கட்டில் அப்போது சித்தையன்கோட்டைப் பெண் பார்வதி படுத்திருந்தாள். அவளுக்கும் மாசம் நெருங்கியிருந்தது. அவளுடைய சேலையைத் துவைகல்லில் நான் அறைந்த அறையில் அது கிழிந்தே போனது.

மறுநாள் காலையில் நீங்கள் எதிர்வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தீர்கள். அது ஒரு வாத்தியார் குடும்பம் குடியிருந்த வீடு. கோடை லீவுக்கு அவர்கள் ஊருக்குப் போகும்போது சாவியை உங்களிடம்தான் கொடுப்பார்கள்.

"அங்க என்னங்க அத்தை பண்றீங்க?"

"உன் பொறந்த வீட்டக் கூட்டுறேன்."

கேலி என்று நினைத்தேன். உங்களுக்குக் கேலி பேச வராது என்பது அப்போது மறந்துவிட்டது. வாத்தியார் மனைவிக்கு ஆள் விட்டுச் சம்மதமும் வாங்கியாகிவிட்டது. வளைகாப்பன்று பிறந்த வீட்டார் கட்டுச்சோறு கொண்டுவர வேண்டும் அல்லவா? நம் அடுப்படியிலேயே புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறும் கிளறினீர்கள். அண்டாவைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக வெளியே போனீர்கள். சந்து வழியாகச் சுற்றி வந்து, நம் வீட்டு வாசலில் சம்பந்தியாக நின்று, "உள்ள வரலாமா?" என்றீர்கள். மாமா ஊஞ்சலிலிருந்து எழுந்து, துண்டை இடுப்பில் கட்டி, "வாங்க சம்பந்தியம்மா" என்றார். தெருவே சிரித்தது. நான் வளையல் குலுங்கக் கையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே என்னை எதிர்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். வீடு என்றால் முழு வீடு: அடுப்பு, பாய், பானை எல்லாம் தனி. சுவரில் வாத்தியார் வீட்டு மாதா படம் இருந்தது. அதற்கும் ஒரு விளக்கை ஏற்றி வைத்தீர்கள். நான் தயங்கியபோது, "அவளும் புள்ள பெத்தவதான" என்று முடித்துவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் அடித்த கூத்துக்கு அளவே இல்லை. உங்கள் மகன் புகையிலைக் கிட்டங்கியில் வேலை முடித்து, பெண்டாட்டியைப் பார்க்க வருவார். நீங்கள் மாப்பிள்ளைக்கு முன்னால் நிற்கக் கூடாதாம். கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "மாப்பிள்ளைய உக்காரச் சொல்லுத்தா, காப்பி குடிப்பாரான்னு கேளு" என்பீர்கள். அவர் தலையில் அடித்துக்கொள்வார். "எம்மா, எனக்குப் பசிக்குது, வெளிய வாம்மா" என்று கெஞ்சுவார். நீங்கள் அசைய மாட்டீர்கள். மாமாவும் தட்டோடு வாசலுக்கு வந்து, "சம்பந்தி வீட்டுல வெஞ்சனம் எதுவும் கிடைக்குமா?" என்று கேட்பார். எனக்குச் சிரிப்பு வந்தாலும் ஒரு பக்கம் மனசு கசந்துகொண்டே இருந்தது. நாடகம்தானே, ஊர் வாயை மூடத்தானே என்று நினைத்தேன். வேடம் போட்டால் மாமியார் தாயாகிவிட முடியுமா?

எனக்கு வலி கண்டது ஒரு நல்ல வெயில் நேரத்தில். மருத்துவச்சி வந்துவிட்டார். நீங்கள் என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தீர்கள். அப்போது தெருவிலிருந்து மாமாவின் குரல் கேட்டது.

"ஏய், இங்க பார்வதிக்கும் வலி எடுத்துருச்சு! சட்டுன்னு வா!"

எனக்கு வயிற்று வலியைவிட அதுதான் பெரிதாக வலித்தது. இனி நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். யாராவது ஒரு தாயில்லாப் பிள்ளை கூப்பிட்டு நீங்கள் போகாமல் இருந்ததை நான் கண்டதே இல்லை. உங்கள் முந்தானையை இழுத்துப் பிடித்தேன்.

நீங்கள் குனிந்து என்னைப் பார்த்தீர்கள். "ஏண்டி கிறுக்கி, அது சம்பந்தி வீடு, அங்க இருக்கிறவுக பாத்துக்குவாக. பெத்தவ நான் உன்ன விட்டுட்டு எங்கடி போவேன்?"

அதுவரை நீங்கள் என்னை 'டி' போட்டு அழைத்ததில்லை. நான் வாய்விட்டு அழுதேன். வலியால் அழுகிறேன் என்று மருத்துவச்சி நினைத்துக்கொண்டார்.

அதோடு சும்மா இருந்தீர்களா என்றால், அதுதான் இல்லை. ஒரு கையால் என் கையைப் பிடித்தபடி, சன்னல் பக்கம் தலையை நீட்டித் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கட்டளை போட ஆரம்பித்தீர்கள். "மாடி வீட்டு ஆத்தாளக் கூப்புடுங்க, அவ பேறு பாப்பா! அடுப்புல பெரிய பானய ஏத்துங்க! ஏத்தா பார்வதி, மூச்ச அடக்காத!" என் காதுக்குப் பக்கத்தில் இந்தக் கூச்சல். முக்கவேண்டிய நேரத்தில், பார்வதிக்குச் சொன்னதையெல்லாம் நான் செய்தேன். எனக்குச் சொன்னதை அங்கே அவள் செய்திருப்பாள். பிள்ளை பெறுகிற நேரத்தில்கூட என்னை மட்டும் பார்த்துக்கொள்ள உங்களுக்கு வரவில்லையே என்று பல்லைக் கடித்தேன். அந்தக் கடியில்தான் பெண் பிறந்தாள். செத்த நேரம் கழித்து எதிரே பார்வதிக்கும் பிறந்தது, ஆண் பிள்ளை. அப்போதும் நீங்கள் எழுந்து போகவில்லை. என் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அங்கேயிருந்தே குலவை போட்டீர்கள்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வாத்தியார் வீட்டார் திரும்பி வரவேண்டியிருந்ததால், என்னைப் புருசன் வீட்டுக்கு அனுப்ப நாள் பார்த்தீர்கள். எதிர்வீட்டு வாசலில் என் தலையைத் தடவி, பிள்ளையை முகர்ந்து, விசும்பி விசும்பி அழுதீர்கள். "மாமியா வீட்டுல சூதானமா இருத்தா. அவ பொல்லாதவ" என்றீர்கள். சிரிக்காமல் சொன்னீர்கள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செத்த நில்லு, அங்க ஆலம் கரைக்க ஆளில்ல" என்று தெருவைக் குறுக்கே கடந்து ஓடினீர்கள். கைப்பிள்ளையோடு நடுத்தெரு வெயிலில் என்னை நிற்க வைத்தீர்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து முடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று சொன்னால் இன்றைக்கும் சண்டை வரும். வாசலில் தட்டோடு வந்து நின்றபோது நீங்கள் மறுபடி மாமியார். "இம்புட்டு நேரமா வர்றதுக்கு?" என்று கேட்டீர்கள்.

அறுபதுகளில் ஒரு ஐப்பசி மழையில் நீங்கள் போனீர்கள். உங்களுக்குப் பெற்ற மகள் கிடையாது. வாய்க்கரிசி போட மகள்மார் வாங்க என்று கூப்பிட்டதும், பின்கட்டு அறையில் பெற்றெடுத்தவர்கள் அத்தனை பேரும் நனைந்த சேலையோடு எழுந்து வந்தார்கள். பார்வதி முதல் ஆளாக நின்றாள். நானும் போய் அந்த வரிசையில் நின்றேன்.

"நீ மருமகத்தா, பொறவு வா" என்றாள் ஒரு பெரியவள்.

"ரெண்டு முறைக்கும் போடுவேனுங்க" என்றேன்.

மகளாகப் போட்டேன். வெளியே போய், சுற்றி வந்து, மருமகளாகவும் போட்டேன். இரண்டு பேராகவும் அழ வேண்டியிருந்தது. நீங்கள் என் தலையில் கட்டிவிட்டுப் போன வேலை அப்படி.

மருமகள் அழுது முடித்துவிட்டாள், அத்தை. மகளுக்குத்தான் இன்னும் முடியவில்லை.