பதினொரு மணிப் பசி

காரைக்குடி
டிசம்பர் 22

அன்புள்ள மகன் சேவுகப்பெருமாளுக்கு அம்மா எழுதுவது. இங்கு என் வலது முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் நலம். அங்கே நீயும் மருமகள் சத்தியப்பிரியாவும் நலமாக இருக்கவும், பெர்கனில் மழை ஒரு நாளாவது ஓயவும் வேண்டிக்கொள்கிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் பாதியிலேயே நீ சிரிப்பாய், எனக்குக் கோபம் வந்து வைத்துவிடுவேன். அதனால் தாளில் எழுதி நானே படம் எடுத்து அனுப்புகிறேன். பக்க எண் போட்டிருக்கிறேன், வரிசை மாற்றிப் படிக்காதே.

ஐப்பசியில் நாட்டரசன்கோட்டையில் உன் கருப்பி அத்தையின் பேத்திக்குக் காதுகுத்து நடந்ததல்லவா, அன்று நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. எல்லோருக்கும் மேசைப் பந்தி, எங்களை மட்டும் வீட்டுப் பெரியவர்கள் என்று உள்ளே தரையில் உட்கார்த்தி இலை போட்டார்கள். சாப்பிட்டு இலையை மடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டாம் முறையும் முடியவில்லை. சாம்பார் வாளியோடு நின்ற இருவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு அக்குளிலும் கைகொடுத்து என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். "ஆத்தாடி, நல்ல கனம்" என்று ஒருவன் மற்றவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. காது மட்டும் எனக்கு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. மறுவாரமே மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். மூட்டு மாற்று ஆபரேஷன் செய்யலாம், ஆனால் இந்த எண்பத்திரண்டு கிலோவோடு கிடையாது, எழுபத்தெட்டுக்கு இறங்கி வாருங்கள் என்றார். டிசம்பர் 29 எடை பார்க்கும் நாள். சரியாக இருந்தால் ஜனவரி ஐந்தாம் தேதி ஆபரேஷன், நீ லீவில் வந்திருப்பாய். தவறினால் அவருக்கு அடுத்த தேதி மார்ச்சில்தான், அப்போது நீ பெர்கனில் இருப்பாய், யாரோ ஒரு நர்ஸ் என் தோளைப் பிடித்துக் குளியலறைக்கு நடத்துவாள். அதற்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

டாக்டர் கொடுத்த சாப்பாட்டு அட்டவணையைப் பின்பற்ற ஆரம்பித்த மூன்றாம் நாள்தான் எனக்கு ஒன்று தெரிந்தது, எழுபத்தொரு வயது வரை பசி என்றால் என்னவென்றே நான் அறிந்ததில்லை. எங்கள் வீட்டில் பசிக்கு முன்னாலேயே சாப்பாடு வந்துவிடும். கான்வென்ட் விடுதியில் பெரிய வெள்ளிக்கிழமை ஒருவேளைக் கஞ்சிதான், ஆனால் டிரங்குப் பெட்டியில் வீட்டு முறுக்கு இருக்கும். ஆகவே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, எத்தனை மணிக்கு, உடம்பில் எங்கே, எத்தனை நிமிடம், எதனால் போயிற்று என்று எழுத ஆரம்பித்தேன். எடை மெஷினையும் சோதித்தேன், பூஜை அறை வாசலில் நானூறு கிராம் குறைவாகக் காட்டுகிறது, தரை சரிவு. அது வசதியாகத்தான் இருந்தது, ஆனாலும் மட்டமான இடம் பார்த்துச் சாக்பீஸால் கட்டம் போட்டு அங்கேதான் ஏறுகிறேன். பதினொரு மணிக்கு வரும் பசி வயிற்றில் வருகிறது, தொப்புளுக்கு மேலே, மாவு பிசைவது போல. சாப்பிடாவிட்டால் ஏறிக்கொண்டே போகும் என்று நினைத்துப் பயந்திருந்தேன், அப்படி இல்லை, இருபது நிமிடத்தில் தானே இறங்கிவிடுகிறது. மாலை நாலரைக்கு வருவது வாயில் வருகிறது, வயிற்றுக்கு அதில் சம்பந்தமே இல்லை, எதிர் டீக்கடையில் வடை போடும் வாசனையோடு வந்து அதோடு போகிறது. கடை பூட்டியிருந்த மூன்று நாளும் வரவில்லை, குறித்து வைத்திருக்கிறேன். மோர் குடித்தால் முக்கால் மணி நேரம் தாங்குகிறது, வெந்நீர் ஐந்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. கோபம் வந்தால் பசி போய்விடுகிறது. நீ போன் பேசாத ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான்கு தடவை என்று பதிவாகியிருக்கிறது. குறை சொல்லவில்லை, நோட்டில் இருப்பதை எழுதுகிறேன்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். நவம்பர் ஒன்பதாம் தேதி கருப்பி ஒரு தூக்குவாளி நிறையச் சீயம் சுட்டுக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்றேன். "எங்க வீட்டுப் பலகாரம் உங்களுக்கு ஆகாமப் போச்சா மதினி?" என்று முகத்தைத் தூக்கினாள். அந்தப் பந்தியில் என்னைத் தூக்கி நிறுத்தியதைப் பார்த்தவள் அவள், அவளிடம் போய் டாக்டர் என்னை எடை குறைக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. விரதம் என்று சொல்லிவிட்டேன். எந்தச் சாமிக்கு என்றாள், அவள் ஊர் அம்மனே வாயில் வந்தது, கண்ணாத்தாளுக்கு என்றேன். எத்தனை நாள் என்றாள், ஒரு மண்டலம் என்றேன். அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும், இந்த ஊரில்தானே பிறந்தேன். விரதம் இருப்பவர்கள் ஒருபொழுதுதான் சோறு சாப்பிடுவார்கள், மறுவேளைக்குப் பலகாரம். மண்டலம் முழுக்க ஒரு பெரிய மனுஷி விரதம் இருக்கிறாள் என்றால் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா. திங்கட்கிழமை கல்லலில் இருந்து வெள்ளைப் பணியாரம், செவ்வாய்க்கிழமை அதிரசம், புதன்கிழமை நெய் ஒழுக மாவுருண்டை. விரதக்காரி வாயில் படாமல் திருப்பி அனுப்பினால் கொடுத்தவர்களுக்கு ஆகாதாம், அதனால் ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று. இரண்டு வாரம் கழித்துச் சாக்பீஸ் கட்டத்தில் ஏறினால் எண்பத்திரண்டு அறுநூறு. பட்டினி கிடக்கிறேன் என்று ஊரெல்லாம் பேச்சு, நான் அறுநூறு கிராம் ஏறியிருக்கிறேன்.

மீதிப் பலகாரத்தையெல்லாம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் அன்னக்கிளியிடம் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவள் தூக்குவாளியைத் திரும்ப மேசைமேல் வைத்துவிட்டு, "எங்க வீட்டுக்காரருக்கும் சுகருதேம்மா, எல்லாத்தையும் எங்க தலையிலயே கட்டுனா எப்புடி?" என்றாள். அப்போது மணி பதினொன்று, எனக்கு வயிறு பிசைந்துகொண்டிருந்தது, நோட்டு கையில் இருந்தது, சும்மா ஒரு ஆர்வத்தில் உனக்குப் பசி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டேன். சிரித்தாள். "இந்நேரத்துக்குத்தேன் வரும். கை வேலையா இருந்தா மறந்துரும். இங்குட்டு முடிச்சுட்டு ரெண்டு மணிக்கு வீட்ல போயித்தான சாப்பிடுறேன்." காலை ஆறரைக்கு வருகிறாள், எட்டு மணிக்கு நான் கொடுக்கும் காப்பி, அதன்பிறகு ஒன்றும் இல்லை. சேவுகா, இருபத்திரண்டு வருஷம். என் சமையலறையில் நின்று எனக்கு இட்லி ஊற்றுகிறவள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்றேன். "கேக்க ஒரு மாதிரியா இருக்கும்லம்மா" என்றாள். கருப்பியிடம் உண்மையைச் சொல்ல எனக்கும் ஒரு மாதிரியாகத்தானே இருந்தது. இப்போது தினமும் பதினொரு மணிக்கு அவள் மேசையில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறாள், எதிரே நான் மோர் டம்ளரோடு. முதல் நாள் உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்தாள், அதட்டி உட்காரவைத்தேன். அவள் சாப்பிடுவதைப் பார்த்தால் என் பசி கூடும் என்று நினைத்தேன், நேர்மாறு, இருபது நிமிடம் பசித்தது ஒன்பது நிமிடமாகக் குறைந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை, சத்தியப்பிரியாவுக்குத் தெரிந்தால் எழுதச் சொல்.

அன்னக்கிளி அப்படிச் சொன்ன அன்று பிற்பகலே ஆட்டோ பிடித்து நாட்டரசன்கோட்டை போய்க் கருப்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டர், எடை, விரதம் எதுவும் இல்லை என்பது வரை. "அடி ஆத்தி! சாமி பேரைச் சொல்லியா பொய் சொன்னீக? கான்வென்ட்ல இதத்தேன் சொல்லிக் கொடுத்தாகளா?" என்று ஆரம்பித்தாள், உன் அப்பா இருந்திருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார். திட்டி முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள், "சொன்னது சொன்னதுதேன் மதினி. இன்னைலேருந்து நெசமாவே இருங்க. ஆத்தாகிட்ட ஒளிக்காம, கிலோக் கணக்குலயே வேண்டிக்கங்க. பலகாரக்காரவுகளை நான் பாத்துக்கிறேன்." மதினிக்குக் கடும் விரதம், பலகாரமும் ஆகாது, தூக்குவாளியோடு யாரும் அங்குட்டுப் போகக்கூடாது என்று எல்லோருக்கும் போன் போட்டுவிட்டாள். அவளையே கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், முழங்கால் சரியானதும் யார் கையையும் பிடிக்காமல் பிரகாரம் சுற்றி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசனை இன்னும் நாலரைக்கு வருகிறது, பசியும் வருகிறது, ஆனால் டாக்டரின் தாளை எப்போதாவது மீறிய எனக்கு இதை மீறத் துணிவில்லை. நவம்பர் ஒன்பதிலிருந்தே எண்ணினால் இன்று நாற்பத்து நான்காம் நாள். காலையில் எழுபத்தெட்டு முந்நூறு. இன்னும் முந்நூறு கிராம், ஏழு நாள். டிக்கெட்டை மாற்றாதே.

இன்னொன்றும் நோட்டில் எழுதியிருக்கிறேன், அது உனக்கானது. பசி வருவதைக் கவனித்துக் கவனித்து, அது முடிகிற இடமும் எனக்குத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. இரண்டாவது இட்லியில் கடைசி விள்ளலுக்கு முன்னால் உள்ளே ஒன்று நிற்கிறது, தெளிவாகத் தெரிகிறது. நீ ஆறு வயதில் இலையில் மிச்சம் வைத்து, போதும்மா, நிறைஞ்சிருச்சு என்று அழுவாய், நான் நம்பாமல் கடைசிப் பருக்கை வரை உட்காரவைப்பேன். போன முறை வந்தபோதும் போதும் என்றாய், நான் நான்காவது தோசையை வைத்தேன். நீ பேசாமல் சாப்பிட்டாய், சத்தியப்பிரியா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை இப்போதுதான் புரிகிறது.

கண்ணாத்தாள் உங்கள் இருவரையும் காப்பாளாக, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ. வரும்போது சாக்லேட் எதுவும் வாங்கி வராதே, கருப்பிக்கு மட்டும் ஒரு நல்ல சால்வை. இங்கு வந்தபின் பசித்தால் வாய்விட்டுக் கேள். போதும் என்று தோன்றினால் ஒரு தடவை சொல், கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன்.

உன் அம்மா
முத்தழகு