தண்ணீரில் நின்ற ஆப்பிள்கள்

டொரண்டோ
1956 மார்ச் 4

அன்புள்ள ஐலீனுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கிளாஸ்கோ மழை உன் நெஞ்சில் இறங்காமல் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்தபடி எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, வாசல் பனியைத் தள்ள நான் விடுவதில்லை, நான் கடைக்குப் போகும் நேரம் பார்த்து மண்வாரியை எடுத்துவிடுகிறார். உனக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி முடிந்துவிட்டது, மூன்றாவது பாதியில் நிற்கிறது. கை அதில் ஓடவில்லை. காரணம் சொல்கிறேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு வின்னி என்னைக் காட்சிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வடக்குக் காட்டையும் ஏரிகளையும் நாற்பது வருஷத்துக்கு முன்னால் வரைந்தவர்களின் படங்கள். பாறை, பைன் மரம், காற்று. ஒரு படத்திலும் ஆள் இல்லை. கடைசி அறையில் ஃபென்விக் என்பவருடைய இரண்டு படங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ஒன்று பட்டறையில் வரைந்த பெரிய படம், பாதிச் சுவர் அகலம். மற்றது ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் தீட்டிய மரப்பலகை, ரொட்டி வெட்டும் பலகை அளவுதான். இரண்டுக்கும் ஒரே பெயர், மனிதக் கால் படாத வடக்கு. கீழே பித்தளைத் தகடு. பிரெக்கன் குடும்பத்தார் அளித்தது.

பிரெக்கன் என்ற பெயரை உன்னிடம் சொல்லியிருக்கிறேன், முழுதாகச் சொன்னதில்லை. 1913 செப்டம்பரில், மரக்கட்டைகளை மிதக்கவிடத் தண்ணீர் தேக்குவதற்காக, ஒரு வார்த்தை சொல்லாமல் அணைக் கதவுகளை அடைத்தது பிரெக்கன் கம்பெனி. நான்கே நாளில் என் அப்பாவின் தோட்டத்தில் இடுப்பளவு தண்ணீர். ஆப்பிள் பறிக்க இன்னும் சில வாரம் இருந்தது. எனக்குப் பதினொரு வயது. அப்பா போட்ட வழக்கு குளிர்காலத்தில் வந்தது, அதற்குள் எல்லாம் பனிக்கட்டி. அது என்றைக்கும் சதுப்பு நிலம்தான், அங்கே யாரும் ஒரு மரம்கூட நட்டதில்லை என்று கம்பெனி ஆட்கள் ஆறு பேர் பைபிளில் கை வைத்துச் சொன்னார்கள். பொய்க்கும் ஒரு அளவு வேணாமாய்யா கெஹோ என்றார் நீதிபதி, என் அப்பாவைப் பார்த்து. கடைக்கு முட்டை கொண்டுபோனால்கூட, என்ன கெஹோ, இது நிஜ முட்டைதானே என்பார்கள். சிரித்துக்கொண்டேதான். எட்டு வருஷம் கேட்டுவிட்டுச் செத்தார்.

பெரிய படத்தில் கரையெல்லாம் சிவந்த மேப்பிள் மரங்கள். பலகையில் மேப்பிள் இல்லை. குனிந்து பார்த்தேன். தண்ணீருக்குள் மரங்கள், ஒரே இடைவெளியில், வரிசையாக. காட்டு மரம் வரிசையில் நிற்காது. கிளைகளில் சிவப்புப் பொட்டுகள். ஓரத்தில் வேலிக் கம்பங்களின் தலைகள், நான்காவது சாய்ந்திருந்தது. அதைச் சாய்த்தது எங்கள் பசு. ஏண்டி மார்த்தா, படத்தை நக்கப் போறியா, காவல்காரன் பாக்கறான்டி என்றாள் வின்னி. நான் நிமிரவில்லை. பிரெக்கன்கள் அந்த ஓவியருக்குத் தங்கள் மரவெட்டு முகாமில் இடம் கொடுத்து, படங்களை வாங்கி, நாற்பது வருஷம் சாப்பாட்டு அறையில் மாட்டி வைத்திருந்தார்கள். ஆப்பிளை ஒருவரும் பார்க்கவில்லை.

படங்களுக்குப் பொறுப்பான மிஸ் ஹார்ட்லியைப் பிடித்தேன். அந்தச் சிவப்பு இலையாத்தான் இருக்கும் என்றாள். நான் நகரவில்லை. பிறகு அவளே, இவங்க எல்லாம் பலகை முதுகுல இடமும் தேதியும் எழுதி வைப்பாங்க, இதுல காகிதம் ஒட்டியிருக்கு, யாரும் பிரிச்சதில்ல என்றாள். மறுநாள் என் எதிரிலேயே பிரித்தாள். பென்சில் எழுத்து. கெஹோவின் பழத்தோட்டம், தண்ணீரில், 1913 அக்டோபர் 9. அவள் இரண்டு முறை வாசித்தாள். எனக்கு ஒரு முறை போதும்.

காட்சிக்கூடத்தில் சேதி கேட்டு வெள்ளிக்கிழமை பேரன் பிரெக்கன் நம் வீட்டுக்கே வந்தான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. அது எங்க தாத்தா காலத்து விஷயம்மா, உங்களுக்குச் சங்கடமா இருந்தா படத்தை நாங்களே திருப்பி எடுத்துக்கறோம் என்றான். தொடாதீங்க தம்பி, அங்கேயே தொங்கட்டும் என்றேன். அவன் காது சிவந்தது. எனக்குப் பிடித்திருந்தது, உன்னிடம் மறைப்பானேன். போதும் மார்த்தா, அந்தப் பையன் அப்பப் பொறக்கவே இல்ல என்கிறார் உன் அப்பா. உண்மைதான். தகட்டில் பெயர் போட்டுக்கொள்ள மட்டும் பிறந்திருக்கிறான்.

இருபத்திரண்டாம் தேதி காட்சிக்கூடத்தில் பிரெக்கன் குடும்பத்துக்கு விருந்து, நாற்பது பேர். ஓவியர் இடத்தின் பெயரைத் தப்பாக எழுதியிருக்கலாம் என்று நிர்வாகிகள் இழுக்கிறார்கள். இன்னொரு சாட்சி இருந்தால் அதற்குள் படத்தின் பெயரை மாற்றி, பலகையின் முதுகும் தெரிகிற மாதிரி கண்ணாடிக்குள் வைப்பார்களாம். உன் ஆல்பத்தில் 1911இல் எடுத்த புகைப்படம் இருக்கிறது, என் அப்பா ஏணியில், பின்னால் வேலி, நான்காவது கம்பம் சாய்ந்து. அதை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, மடிக்காமல், விமானத் தபாலில் பதிவு செய்து அனுப்பு. கடிதம் கிடைத்த அன்றே. எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன், பலகைக்கு நேர் எதிரே. பச்சைத் தொப்பி போட்டுக்கொள்வேன். ஒன்றும் பேசமாட்டேன். அவர்கள் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரக் காலுறையோடு உட்காராதே. கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். புகைப்படத்தை மறந்துவிடாதே. கீழே இருக்கும் கையெழுத்து கல்யாணத்தோடு நான் விட்ட பிறந்த வீட்டுப் பெயர், அன்றைய வருகைப் புத்தகத்துக்காகப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா,
மார்த்தா கெஹோ