திரை கறுத்துப்போனது

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

கம்பெனியில் சரக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த என்னைக் கம்ப்யூட்டரில் பில் அடிக்க மாற்றியிருக்கிறார்கள். நேற்று திரை திடீரென்று கறுத்துவிட்டது. பயத்தில் கீழே இருந்த சிபியு பட்டனை அணையும்வரை அழுத்திப் பிடித்தேன். பார்த்தால், நான் மேசையைத் துடைத்தபோது திரையின் ஒயர்தான் நழுவியிருக்கிறது. காலையிலிருந்து அடித்ததெல்லாம் போய்விட்டது.

"பல்பு எரியலன்னா வீட்டையே இடிப்பியாடி? முதல்ல ஒயரைப் பாரு. அப்பப்போ சேவ் பண்ணு" என்று கணக்கு பார்க்கும் அக்கா சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. இன்னொரு தடவை நடந்தால் ஊருக்கே அனுப்பிவிடுவாராம். இப்போது ஒவ்வொரு வரிக்கும் சேவ் செய்கிறேன்.

அப்பாவிடம் சொல்லாதே. யாராவது இங்கே வந்தால் நீ போர்த்திக்கொள்ளும் போர்வையைக் கொடுத்துவிடு. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்