சாக்குத் தடம் பதிந்த கல்

அக்கா,

நேற்றுக் காலை பழைய குளியலறைக்குள் நின்றவர்கள் நான்கு பேர்: நான், உங்கள் கொழுந்தனார், நம் பிள்ளை சேகர், ஆந்திராக்கார மேஸ்திரி அப்பாராவ். ஐந்தாவதாக ஒருவர் நிற்க அங்கே இடமும் இல்லை.

மூலையில் கிடக்கும் கல்லை மேஸ்திரி சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். ஓரத்தில் சில்லு தெறித்தது. சிமெண்ட் வாடை எழுந்தது. இத்தனை வருடம் தண்ணீரில் ஊறிய பிறகும் உள்ளே அந்த வாடை இருந்திருக்கிறது.

"அம்மா, யே பத்தர் நிகாலணும். இந்தக் கல்லை எடுக்கலேன்னா தண்ணி ஓட்டம் வராது," என்றார். "எங்கேருந்து கொண்டுவந்தீங்க இதை? இந்தத் தீவுல இப்படிக் கல் நான் பார்த்ததே இல்லையே?"

உங்கள் கொழுந்தனார் சிரித்துவிட்டார். "கல் இல்ல மேஸ்திரி, சிமெண்ட் மூட்டை. எங்க அண்ணி தயார் பண்ணினது."

நீங்கள் இருந்திருந்தால் அவருக்கு அங்கேயே பதில் கிடைத்திருக்கும்.

உங்கள் வீட்டுக்காரர் காலமான பிறகு நீங்கள் ஊருக்குத் திரும்பாமல் எங்களோடு இந்தத் தீவில், ஷாதிபூரிலேயே தங்கிவிட்டீர்கள். ஏன் என்று கேட்டவர்களிடம், "ஊர்ல எனக்கு யாரு இருக்கா? இங்கயாவது சண்டை போட ஒருத்தி இருக்கா," என்று என்னைக் காட்டுவீர்கள். அப்போது குளிக்கிற இடம் சரிவின் அடியில் இருந்தது. கீற்றுத் தட்டி மூன்று பக்கம், வானம் மேலே. வெயில் நாளில் குறையில்லை. மழை பிடித்துவிட்டால் பாதை முழுக்கப் பாசி. உங்கள் முழங்கால் அந்த இறக்கத்துக்கு ஒத்துழைக்க மறுத்தது.

வீட்டை ஒட்டி ஒரு குளியலறை கட்டிவிடலாம் என்று நான்தான் கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடம் போகாதவள், கடையில் மடித்துக் கொடுக்கும் காகிதத்தைப் படித்துப் படித்து எழுத்தும் எண்ணும் பழகியவள் என்பதால், என் கணக்கை நானே இரண்டு முறை சரிபார்ப்பேன். மரத்துக்குக் கவலை இல்லை. மரமில்லில் வேலை பார்க்கும் உங்கள் கொழுந்தனார் மிச்சப் பலகை கொண்டுவந்துவிடுவார். தகரம் பழையது கிடைக்கும். சிமெண்ட் மட்டும் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும், வரும்போது வாங்கவேண்டும். அடுத்த கப்பல் எப்போது என்று யாராலும் சொல்லமுடியாது.

சமதரை இருந்தது வீட்டின் கிழக்குப் பக்கம் மட்டுமே. அந்தச் சுவரின் உள்பக்கத்தில்தான் பழனி முருகன் படம் மாட்டியிருந்தது. நீங்கள் ஒரே பிடியாக நின்றீர்கள்.

"நான் குளிச்ச தண்ணி முருகன் முதுகுல தெறிக்கணுமாக்கும்? வேற பக்கம் பாருடி."

"வேற பக்கம் எல்லாம் பள்ளம் அக்கா. மண்ணைக் கொட்டி மேடாக்கணும், நாலாவது சுவரும் எழுப்பணும். கணக்கு தாங்காது."

"உன் கணக்குக்காகச் சாமி ஒதுங்கி நிக்கணுமா?"

"படத்தை முன்னறைக்கு மாத்திடலாமே."

"மாத்து, மாத்து. வர்றவன் போறவன் கழட்டிப்போடுற செருப்பை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கட்டும்."

இந்தப் பேச்சு முடிவதற்குள் கப்பல் வந்துவிட்டது. மூன்று மூட்டை வாங்கிப் பின் தாழ்வாரத்தில், மண் தரையில், சுவரோரமாக ஒன்றன்மேல் ஒன்றாக நீங்கள்தான் அடுக்கச் சொன்னீர்கள். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் வேலியருகே நின்று, "தீதி, பலகைக்கு மேல ரக்கோ. நீச்சே பானி," என்று தனக்குத் தெரிந்த தமிழையும் இந்தியையும் கலந்து, பலகைமேல் வை, கீழே ஈரம் ஏறும் என்று எச்சரித்தாள்.

அவள் போனதும் நீங்கள் என்னிடம், "சிமெண்டுக்குக் கட்டில் போடச் சொல்றா. எங்க அப்பா வீட்டுல இப்படித்தான் வருஷக்கணக்கா கிடந்துச்சு," என்றீர்கள். உங்கள் அப்பா வீடு ராமநாதபுரத்துக் காய்ந்த மண். நானும் அந்தப் பக்கத்தவள்தான். எனக்கும் அது சரியாகவே பட்டது.

மழைக்கு நடுவில் ஒரு வெயில் நாளில் பிரித்துப் பார்த்தோம். கீழிருந்த இரண்டு மூட்டையும் பாறை. சாக்கைக் கிழித்து உரிக்க வேண்டியிருந்தது. அதன் பின்னல் கோடு கோடாகச் சிமெண்டில் பதிந்திருந்தது. மேலே இருந்ததில் பாதிதான் மாவாக மிஞ்சியது. மழை முடியட்டும், தை மாதம் பார்க்கலாம் என்று நான் திட்டத்தை ஒதுக்கி வைத்தேன்.

அந்த வாரமே நீங்கள் பாசியில் வழுக்கி விழுந்தீர்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதன் பிறகு சரிவில் இறங்கவில்லை. குளிக்காமல் விளக்கைத் தொடுகிற வழக்கம் உங்களுக்குக் கிடையாது. சாயங்காலமானால் அடுக்களைப் படியிலேயே உட்கார்ந்துகொண்டு, "நான் சுத்தமில்ல, நீ ஏத்து," என்பீர்கள். உள்ளே வந்து கும்பிடவும் மாட்டீர்கள். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வாருங்கள் என்றால், "அது காய்ச்சக்காரங்களுக்கு," என்று முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள்.

நான் மறுபடியும் கணக்கை எடுத்தேன். கையிலிருப்பது பாதி மூட்டை. தரைக்கு மட்டும் பூசலாம். கிழக்குச் சுவரை ஒட்டினால் மற்ற மூன்று பக்கமும் பலகை அடித்துவிடலாம். அதைத் தவிர வழி இல்லை என்று உங்களிடம் சொன்னேன். படத்தை எங்கே மாற்றுவது என்று கேட்டேன்.

அன்றைக்குத்தான் வாசற்படி வரை வந்து படத்தை எட்டிப் பார்த்தீர்கள். கொஞ்ச நேரம் பார்த்தீர்கள்.

"அவன் எங்கயும் போகவேண்டாம்டி. அவனே கோவணத்தோட நிக்கிறான். குளிக்கிற இடம் பக்கத்துல இருந்தா கூச்சமா படப்போறான்?"

இறுகிப்போன மூட்டைகளில் ஒன்று வாசலுக்குப் படியானது. மற்றொன்றை நான்கு பேர் புரட்டி உள்ளே மூலையில் போட்டார்கள். உங்களுக்கு உட்கார்ந்து குளிக்கச் சரியான உயரம். "கப்பல்ல வந்த சிம்மாசனம்," என்று வங்காளி அம்மாளைக் கூட்டிவந்து காட்டினீர்கள். அவள் கல்லைத் தடவிப் பார்த்து, "கட்டில் போட்டிருந்தா இது கிடைச்சிருக்காது," என்று சிரித்தாள். நீங்கள் அன்று சொன்னது வேலிக்கு அப்பால் கேட்டிருக்கிறது; அந்தத் தமிழ் அவளுக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

அதன் பிறகு சாயங்காலங்கள் ஒரே மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் தண்ணீர் ஊற்றிக்கொள்வீர்கள். இந்தப் பக்கம் நான் விளக்கேற்றிப் பாடுவேன். "சத்தமாப் பாடுடி, தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல," என்று உள்ளிருந்து அதட்டுவீர்கள். முடிப்பதற்குள் ஈரத்தலையோடு வந்து நின்றுவிடுவீர்கள்.

போன மழைக்கு முன்பு நீங்களும் கண்ணை மூடினீர்கள். அதைப் பற்றி எழுத இப்போது ஒன்றுமில்லை.

பலகையெல்லாம் கரையான் தின்றுவிட்டது. சேகர் சம்பளம் வாங்குகிறான், செங்கல் சுவரும் வெள்ளை டைல்ஸும் வேண்டும் என்கிறான். டைல்ஸை இடுப்பளவுக்குக் குறைத்துக் கணக்கை ஒருவாறு கட்டியிருக்கிறேன். புதுச் சிமெண்ட் வந்து இறங்கிவிட்டது. கட்டில் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

கல் ஒன்றுதான் மிச்சம். அதை உடைத்துத் தரைக்கு அடியில் போட்டால் ஜல்லிச் செலவு குறையும். வைத்துக்கொள்வதானால் தண்ணீர்ப் பாதையை மாற்றவேண்டும், சிமெண்ட் இன்னொரு மூட்டை வாங்கவேண்டும். "ஒரு ஸ்டூல் போட்டுக்கலாம்மா," என்கிறான் சேகர். அவன் சொல்வதில் தப்பில்லை. உங்கள் கொழுந்தனார், "உன் கணக்கு, நீயே சொல்லு," என்று ஒதுங்கிக்கொண்டார். நேற்று எல்லோரும் போன பிறகு நான் அதில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கும் முழங்கால் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. எழுந்தபோது சேலையில் சாக்குக் கோடுகள் ஈரமாகப் பதிந்திருந்தன.

விளக்கேற்றும்போது இன்னும் சத்தமாகத்தான் பாடுகிறேன். அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் இல்லை. தொண்டை பழகிவிட்டது.

முருகனிடம் பூக்கட்டிப் போட்டுக் கேட்கலாம் என்று நினைத்தேன். ஆனால் கல் அவனுடையது அல்ல, உங்களுடையது. மேஸ்திரி திங்கட்கிழமை வேலை தொடங்குகிறார். இருக்கட்டுமா, உடைக்கட்டுமா? அதற்குள் பதில் சொல்லுங்கள் அக்கா.